காலம் வேண்டும் மருத்துவம்

மனநோய் எது என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் தொடக்கத்திலேயே வரையறுத்துள்ளது. சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவு ஆகியவற்றில் பெருங்கோளாறு நேர்ந்து, அதனால் ஒருவரது பகுத்துணரும் ஆற்றலோ, நடத்தையோ, மெய்ந்நிலையை அறியும் திறனோ, அன்றாட வாழ்வின் தேவைகளுக்கு ஈடுகொடுக்கும் வலிமையோ கடுமையாகக் குலைந்திருக்குமாயின் அது மனநோய். இவ்வரையறையை நாம் குறை கூறவில்லை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் சங்கிலியால் பிணிக்கப்பட்ட நிலையில் தீக்கிரையான 28 உயிர்களை மறவாத எவரும், கடும் மனநோய்க்கு ஆட்பட்டோருக்கு உரிமையும் காப்பும் வழங்கும் ஒரு சட்டத்தின் அருமையை உணர்வர்.

ஆயின், அவ்வரையறையின் எல்லைக்கு வெளியே ஒரு பெருங்கூட்டம் நிற்கிறது. அவர்கள் காலையில் குளித்து உடுத்தி வேலைக்குச் செல்கின்றனர். வீட்டுக்கடன் தவணையைத் தவறாமல் கட்டுகின்றனர். பிள்ளைகளின் பள்ளிக் கூட்டங்களுக்குச் செல்கின்றனர். அவர்களது பகுத்தறிவு குலையவில்லை. ஆயினும் உள்ளே ஏதோ ஒன்று பல்லாண்டுகளாக அறுபட்டுக் கிடக்கிறது. பணியிடம் மாறினாலும் மேலதிகாரியோடு மூளும் பகை மாறுவதில்லை. நெருங்கி வருவோரை ஒவ்வொரு முறையும் தாமே விலக்கி விட்டுப் பின்னர் தனிமையை எண்ணி வருந்துகின்றனர். தந்தை மறைந்து பத்தாண்டு கடந்தும் ஒரு துளிக் கண்ணீர் வரவில்லை. ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வருகிறது. இதய மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார். 'உனக்கு என்ன குறை?' என்று வீட்டார் கேட்கின்றனர். அதற்கு அவர்களிடம் விடையில்லை.

இத்தகைய வயதுவந்தோருக்கு உரிய உதவியாக உலகின் பல நாடுகளில் நூறாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்திருப்பது உளவியக்க ஆலோசனை. பொதுவழக்கில் கவுன்சலிங் என்று நாம் அழைப்பவற்றுள் இது ஒரு தனி வகை. இதற்கு வேண்டிய முதற்பொருள் மருந்தன்று, கருவியன்று, காலம். பயிற்சி பெற்ற ஒருவரின் கவனத்தோடு கூடிய காலம். அந்தக் காலத்தை நம் நாட்டின் பொது மருத்துவம் இன்றுவரை பெரும்பாலோருக்கு ஒதுக்கவில்லை என்பதே நாம் இங்கு முன்வைக்கும் குறை.

இந்த ஆலோசனையின் அடிப்படை எளிதாகச் சொல்லத்தக்கது. மனிதன் தன் மனத்தின் பெரும்பகுதியை அறியான். இளமையில் தாங்க இயலாதிருந்த அச்சம், ஏக்கம், சினம் ஆகியவற்றை மனம் நனவிலிக்குள் தள்ளி விடுகிறது. தள்ளப்பட்டவை அழிவதில்லை. பிற்கால உறவுகளில், உடல் நோவுகளில், மீண்டும் மீண்டும் செய்யும் தவறுகளில் வேற்றுருக் கொண்டு வெளிப்படுகின்றன. ஆலோசனைக்கு வருபவர் வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே அறையில் அமர்ந்து மனத்தில் எழுவதைத் தணிக்கையின்றிப் பேசுகிறார். அமர்வு பெரும்பாலும் ஐம்பது நிமிடம். கேட்பவர் அறிவுரை வழங்குவதில்லை; தீர்ப்புச் சொல்வதில்லை; தம் சொந்த வாழ்க்கையைப் பேசுவதில்லை. பேச்சில் திரும்பத் திரும்ப வருவதையும், பேச்சு எங்கு தடைப்படுகிறது என்பதையும், சொல்லுக்கும் முகத்துக்கும் இடையே தோன்றும் முரணையும் கவனிக்கிறார். தக்க வேளையில், தாம் கண்டதை மென்மையாக எடுத்துரைக்கிறார்.

இது எவ்வாறு பயன் தருகிறது என்ற ஐயம் இயல்பானது. எவரையும் தனிப்படக் குறிக்காத, ஆனால் இத்துறையினர் எவரும் அடையாளம் காணத்தக்க ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். ஒரு குடும்பத்தின் மூத்த மகள்; வயது நாற்பதை நெருங்குகிறது. தாய் நோயுற்றிருந்தமையால் பத்து வயதிலேயே தம்பி தங்கையரை வளர்த்தவர். எவரிடமும் எதையும் கேட்டறியாதவர். சில மாதங்களாக உறக்கமின்மை, காரணமறியாச் சோர்வு. ஆலோசனைக்கு வந்த பின்னரும் ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. ஒரு குறை சொன்னதில்லை. 'உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேனோ' என்று ஆலோசகரையே கேட்பவர். ஐந்தாம் மாதத்தில் ஆலோசகர் இரு வாரம் விடுப்பில் செல்வதாக முன்கூட்டியே அறிவிக்கிறார். 'அதனால் என்ன, நன்றாகப் போய் வாருங்கள்' என்கிறார் அவர். விடுப்பு முடிந்த பின் வரவேண்டிய முதல் அமர்வுக்கு வரவில்லை. அடுத்த வாரம் வந்து, மறந்து போயிற்று என்கிறார்.

மறதி என்று அதை விட்டுவிட எவருக்கும் உரிமையுண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் அவ்வாறு விடுவதில்லை. தாம் இல்லாத இரு வாரங்கள் எப்படிக் கழிந்தன என்று வினவுகிறார். ஒன்றுமில்லை என்ற விடையே முதலில் வருகிறது. பின்னர், நெடிய மௌனத்துக்குப் பின், சினம் வருகிறது. தன்னை விட்டுச் செல்ல எவரும் அனுமதி கேட்பதில்லை என்ற சினம். அச்சினம் ஆலோசகர்மீது கொண்டதைப் போலத் தோன்றினும், அதன் வேர் முப்பதாண்டுக்கு முந்தைய ஒரு மருத்துவமனை வாயிலில் இருக்கிறது. தாயை உள்ளே அழைத்துச் செல்ல, சிறுமி ஒருத்தி வெளியே நிற்கிறாள். அழக்கூடாது, ஏனெனில் தம்பி பார்த்துக் கொண்டிருக்கிறான். பழைய உறவின் உணர்வுகளை ஆலோசகர்மீது ஏற்றிக் காண்பது உளவியக்க முறையின் உயிர்நாடி. வெளியுலகில் அதே சினத்தைக் காட்டினால் உறவு முறியும். இங்கோ, கேட்பவர் சினத்தைத் தாங்குகிறார், பழிவாங்குவதில்லை, அடுத்த வாரம் அதே நேரத்தில் அங்கேயே இருக்கிறார். சினந்தாலும் கைவிடப்படாதிருத்தல் எப்படி இருக்கும் என்பதை அப்பெண் தன் வாழ்வில் முதன்முறையாக அறிகிறாள். இவ்வறிவைப் புத்தகம் தராது. ஒரே அமர்வில் எவரும் அளிக்கவும் இயலாது. ஐந்து மாத நம்பிக்கை இன்றேல் அந்தச் சினம் வெளிப்பட்டிருக்கவே செய்யாது. காலமே இங்கு மருந்தாகிறது என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே.

நம் மக்கள் ஆலோசகரிடம் வேறொன்றை எதிர்பார்க்கின்றனர் என்பதும் உண்மை. மூத்தவர் ஒருவர் வழிகாட்ட வேண்டும், நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்பது நம் மரபில் ஊறிய எதிர்பார்ப்பு. மனநல மருத்துவர் ஜஸ்வந்த் சிங் நெக்கி, குரு-சீடர் உறவையே இந்தியச் சூழலுக்கேற்ற உளமருத்துவ முன்மாதிரியாகக் கொள்ளலாமா என்று 1970-களில் ஆராய்ந்தார். உளவியக்க முறைக்கு மூலமான உளப்பகுப்பாய்வைத் தில்லியில் செய்துவந்த சுதிர் கக்கரும், மேலை நாட்டு முறையைச் சிறிதும் மாற்றாமல் இங்குப் பெயர்த்து நடுவது பொருந்தாது எனத் தம் நூல்களில் விரிவாக எடுத்துக்காட்டினார். இவ்விருவரின் கருத்தையும் நாம் மதிக்கிறோம். வந்தவர் தொடக்கத்தில் கேட்கும் ஆறுதல் மொழியை மறுத்து, கல்லென அமர்ந்திருத்தல் ஆலோசனையாகாது. ஆயினும் அறிவுரை நம்மிடையே அரிய பொருளன்று. வயதுவந்தவர் ஒருவர் துயருற்றிருப்பதை அறிந்த மறுகணமே அவருக்கு அறிவுரை கூறுவோர் வீட்டிலும் அலுவலகத்திலும் கோயில் வாயிலிலும் திரள்வர். திருத்த முற்படாமல் கேட்பவரே கிடைப்பதில்லை.

இது செல்வந்தரின் ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. வரலாறு வேறு சொல்கிறது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 செப்டம்பரில் புடாபெஸ்ட் நகரில் கூடிய உளப்பகுப்பாய்வாளர் மாநாட்டில் சிக்மண்ட் ஃபிராய்டு ஆற்றிய உரை இத்துறையின் போக்கை மாற்றியது. உயிர்காக்கும் அறுவை மருத்துவத்தில் ஏழைக்கு உள்ள உரிமை, மனத்துயருக்கான மருத்துவத்திலும் அவனுக்கு உண்டு என்றும், சமுதாயத்தின் மனச்சான்று ஒருநாள் விழித்து இதற்கென இலவச நிலையங்களை நிறுவும் என்றும் அவர் கூறினார். அதைச் செயலாக்க அவருடைய மாணாக்கர் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் ஏழைத் தொழிலாளரும் பணிப்பெண்களும் மாணவரும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் எழுந்தன. போர்முனை அதிர்ச்சியால் நிலைகுலைந்தோருக்கு உதவிய பட்டறிவோடு 1920-இல் லண்டனில் டாவிஸ்டாக் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவையின் அங்கமாயிற்று. நாஜிகளின் எழுச்சி பெர்லினையும் வியன்னாவையும் சிதைத்தது. லண்டன் நிலையம் இன்றும் பணியாற்றுகிறது.

நம் நாட்டின் பங்கு இவ்வரலாற்றில் சிறிதன்று. வியன்னாவில் இலவச நிலையம் திறக்கப்பட்ட அதே 1922-ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார் கிரீந்திரசேகர் போஸ். மருத்துவரான அவர் ஃபிராய்டை நேரில் கண்டதில்லை. மடல்கள் வழியே இருவரும் பல்லாண்டு உரையாடினர். தம்மிடம் வந்த வங்காளிகளிடம் தாம் கண்டது ஃபிராய்டின் கொள்கையோடு முரண்பட்டபோது, அதை மறைக்காமல் எழுதும் துணிவு போஸுக்கு இருந்தது. கனவுகளைப் பற்றித் தம் தாய்மொழியிலேயே நூல் எழுதினார். 1933-இல், இன்று ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி எனப்படும் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநலப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனையொன்றில் அத்தகைய பிரிவு இந்தியாவில் அமைந்தது அதுவே முதன்முறை. நூறாண்டுக்கு முன்னரே இந்திய மண்ணில், இந்திய மொழியில், இந்தியர் ஒருவர் வேரூன்றச் செய்த முறையை இன்று அயல்நாட்டு இறக்குமதி என்று புறந்தள்ளுவது அறியாமை.

தமிழில் இது இயலுமா என்று கேட்போர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். போரின் நடுவே மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியோரும் மனவடுக்களைத் தமிழிலேயே ஆராய்ந்து, தமிழிலேயே எழுதி, தமிழிலேயே உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தனர். அவர்கள் கைக்கொண்ட முறை முற்றிலும் உளவியக்க முறையன்று. பெருந்துயருக்கு ஆளான ஒரு சமூகத்துக்கு வேண்டிய பலவற்றையும் இணைத்தது. எனினும், உள்ளத்தின் ஆழத்தைப் பேசத் தமிழ் போதாது என்ற வாதம் அங்கு முறியடிக்கப்பட்டது.

சான்றுகள் என்ன கூறுகின்றன? டாவிஸ்டாக் நிலையத்தில் நடந்த ஆய்வொன்றின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. வேறு சிகிச்சைகளால் தீராத நெடுநாள் மனச்சோர்வுக்கு ஆளான 129 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் வழக்கமான சிகிச்சையோடு 18 மாதங்கள் உளப்பகுப்பாய்வு வழிப்பட்ட சிகிச்சையும் பெற்றனர். ஏனையோர் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். 18 மாத முடிவில் இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் இம்முறை பயனற்றது என்று எழுதியிருப்பர். ஆனால் மேலும் ஈராண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். அந்த ஈராண்டின் முடிவில், ஓரளவேனும் மனச்சோர்வு நீங்கியோர் முதல் சாராரில் 30 விழுக்காடு, மற்றவரில் 4.4 விழுக்காடு. சிகிச்சை முடிந்த பின்னரும் அதன் வேலை உள்ளே தொடர்ந்து நடந்தது என்பதே இதன் பொருள். பத்தில் எழுவருக்கு அந்த அளவு நலமும் கிட்டவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. மிகக் கடினமான நோயாளரிடையே கிடைத்த இம்முடிவைப் பெருமிதமாகப் பேசுவதற்கில்லை; புறக்கணிப்பதற்கும் இல்லை.

பிரிட்டனின் நலவாழ்வு நெறிமுறைக் கழகம் மனச்சோர்வுக்காக 2022-இல் வெளியிட்ட நெறிமுறையில் குறுகியகால உளவியக்கச் சிகிச்சையும் ஒரு தெரிவாக இடம்பெற்றுள்ளது. எண்ணங்களையும் நடத்தையையும் நேரடியாகச் சீர்செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பலருக்கு விரைவில் நலம் தருகிறது; அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குறிப்பிட்ட ஓர் அச்சத்தால் துன்புறுபவர் அதையே முதலில் நாடலாம். உளவியக்க முறையின் பழைய கொள்கைகளுள் பல, குறிப்பாகப் பெண்களைப் பற்றி ஃபிராய்டு கூறியவை, கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயின, அக்கண்டனம் நியாயமானது. மெலனி கிளைன், டொனால்டு வினிகாட், ஜான் பௌல்பி முதலியோரின் கைகளில் இத்துறை பெரிதும் திருந்தி வளர்ந்தது. தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி பௌல்பி 1951-இல் உலக நலவாழ்வு நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, மருத்துவமனைகளும் குழந்தையர் இல்லங்களும் சிறாரை நடத்தும் முறையையே மாற்றியது. 1900-ஆம் ஆண்டின் நூல்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய சிகிச்சையைத் தூற்றுவது முறையன்று.

யாருக்கு இது உகந்ததன்று என்பதும் சொல்லப்பட வேண்டும். குரல் கேட்டல், மாயத்தோற்றம், கட்டுக்கடங்காத உளக்கிளர்ச்சி ஆகியவற்றுக்கு முதலில் வேண்டியவர் மனநல மருத்துவர். மதுவை நிறுத்தியதால் உடல் நடுங்குபவருக்கு உடனடி மருத்துவம் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் முற்றி நிற்பவரை அடுத்த வியாழக்கிழமை வருக என்று அனுப்ப இயலாது. அத்தகையோருக்காக 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலும் இயங்குகிறது. அவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைத்தல் நலம். மருந்தும் ஆலோசனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் வேண்டியோர் பலர்.

ஆனால் தொலைபேசி அழைப்பு ஓர் இரவைக் கடக்க உதவும். அந்த இரவுக்குக் காரணமான முப்பதாண்டை யார் கேட்பது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டில் தம் உயிரை மாய்த்துக்கொண்டோர் 1,70,924 பேர். அவருள் தமிழ்நாட்டினர் 19,834 பேர். மாநிலங்களுள் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாமிடம். காரணங்களுள் முதலிடம் பெற்றது குடும்பச் சிக்கல், நூற்றுக்கு 31.7. இறந்தோரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். அழுவது ஆண்மைக்கு இழுக்கு என்று கற்பிக்கப்பட்டவர்கள். வறுமையும் கடனும் வேலையின்மையும் இம்மரணங்களில் கொண்டுள்ள பங்கை ஆலோசனை அறையால் நீக்க இயலாது. நீக்கும் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் கணவன் மனைவிக்கும் தந்தை மகனுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் கனன்று கிடப்பவற்றைக் கேட்க ஓரிடம் இருந்திருந்தால், இவருள் சிலரேனும் இன்று நம்மிடையே இருந்திருப்பர்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு வாழ்வதாகக் கண்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகளில் நூற்றுக்கு 85 பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. கடும் மனநோயில் சிகிச்சை பெறாதோரின் விழுக்காட்டினும் இது மிகுதி. வெளியே தெரியும் நோயைக் குடும்பம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. வெளியே தெரியாத துயரை, உடையவரே சுமந்து திரிகிறார்.

இங்கு நம் குடும்ப அமைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டபோது, நோயாளியோடு அவருடைய உறவினரும் உடன்தங்கும் முறையைக் கைக்கொண்டது. மேலை நாடுகள் மனநோயாளரை உறவினின்று பிரித்துப் பெருங்கட்டடங்களில் அடைத்து வைத்திருந்த காலம் அது. குடும்பத்தையே சிகிச்சையின் பங்காளியாக்கிய அம்முறை உலகினர் பாராட்டுக்கு உரியதாயிற்று. கடும் நோயில் குடும்பத்தின் துணையை விடச் சிறந்த அரண் வேறில்லை. ஆயினும் நாம் இங்குப் பேசும் துயரில் நிலைமை வேறு. தாயைப் பற்றிய சினத்தைத் தாயின் முன் அமர்ந்து பேச இயலுமா? மனைவி அறியாத அச்சத்தை மனைவி பக்கத்தறையில் காத்திருக்க வாய்விட்டுச் சொல்ல இயலுமா? வயதுவந்தவர் தம் உறவினர் எவரும் இல்லாத ஓர் அறையில் பேசும் உரிமையை நாம் இன்னும் மனமார ஏற்கவில்லை. 'நம்மிடம் சொல்லக்கூடாததை வெளியாளிடம் சொல்வதா?' என்று கேட்கும் அன்புள்ளம் கொண்ட பெற்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு நாம் கூற விரும்புவது: உங்கள் பிள்ளை அங்குச் செல்வது உங்களைப் பழிப்பதற்காக அன்று. உங்கள்மீது கொண்ட அன்பும் சினமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதை அவிழ்ப்பதற்காக. சிக்கல் அவிழ்ந்தபின் உங்களிடம் திரும்பி வருபவர், முன்னினும் மெய்யான அன்போடு வருவார்.

அங்குப் பேசியதை வெளியிடாமை இத்தொழிலின் முதல் அறம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் மனநோயாளரின் இரகசியத்தை உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஊறு நேரும் சூழல் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நல்ல ஆலோசகர் முதல் அமர்விலேயே அவற்றைத் தெளிவாக்குவார். கணவரோ, பெற்றோரோ, பணியளித்த நிறுவனமோ தொலைபேசியில் கேட்டால் சொல்லிவிடும் ஆலோசகர் ஆலோசகரே அல்லர்.

இனி, தகுதி பற்றிய கேள்வி. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். அதற்கான சட்டம் 1992 முதல் உண்டு. ஆனால் ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள நேற்றுவரை எத்தகுதியும் வேண்டியதில்லை. சில வார இணைய வகுப்பில் சான்றிதழ் பெற்றவரும் இருபதாண்டு பயின்றவரும் ஒரே பெயரில் இயங்குகின்றனர். 2021-இல் நிறைவேறிய துணைநிலை நலவாழ்வுத் தொழிலாளர் ஆணையச் சட்டம் உளவியலாளரையும் ஆலோசகரையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. அச்சட்டத்தின்படி மாநில மன்றம் முழுமையாக இயங்கி, பதிவேடு திறக்கப்பட்டு, முறைகேடு செய்வோரை நீக்கும் அதிகாரமும் நடைமுறைக்கு வந்தாலன்றி, துயருற்றோர் ஏமாறுவதைத் தடுக்க இயலாது. ஆழ்மனத்தைத் திறப்பவர் கையில் இருக்கும் அதிகாரம் பெரிது. அதைத் தவறாகப் பயன்படுத்துவோர் எல்லா நாட்டிலும் உண்டு.

ஆகையால் உதவி நாடுவோர் கேட்கத் தயங்கக்கூடாத கேள்விகள் சில உள. எங்குப் பயின்றீர்? எத்தனை ஆண்டு? உம் பணியை மூத்தவர் ஒருவர் மேற்பார்க்கிறாரா? நீரே இத்தகைய சிகிச்சையில் அமர்ந்ததுண்டா? உளவியக்க முறையில் பயிலுவோர் தம் மனத்தைத் தாமே ஆய்ந்தறிய ஆண்டுக்கணக்கில் இன்னொருவரிடம் அமர வேண்டும் என்பது அத்துறையின் நெடுநாள் மரபு. தம் புண்ணை அறியாதவர் பிறர் புண்ணைத் தொடலாகாது என்ற எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது. இக்கேள்விகளால் சினமடையும் ஆலோசகரை விட்டு விலகுதலே நன்று. கட்டணம், வராத அமர்வுக்கு என்ன விதி, எத்தனை மாதம் கருதுகிறீர் என்பவற்றையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும். சமயத்தையோ சாதியையோ பாலியல் நாட்டத்தையோ குறித்துத் தீர்ப்புக் கூறுபவர், தம் வீட்டுக்கோ வணிகத்துக்கோ அழைப்பவர், உடலைத் தீண்டுபவர் ஆகியோரிடமிருந்து உடனே அகல வேண்டும். முதல் சில அமர்வுகளில் துயர் சற்று மிகுவதாகத் தோன்றலாம். நெடுநாள் மூடிக் கிடந்ததைத் திறக்கையில் அது நேர்வதே. அதையும் ஆலோசகரிடமே சொல்ல வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுவோர் மிகப் பலர்.

பொருட்செலவு பெருந்தடை. நம் நகரங்களில் தகுதிவாய்ந்த தனியார் ஆலோசகரின் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. வாரம் ஒருமுறை, ஓராண்டு என்று கணக்கிட்டால் ஒரு தையல் தொழிலாளியோ, பேருந்து நடத்துநரோ, ஒப்பந்த ஆசிரியையோ எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒப்பக் காப்பீடு வழங்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு கூறுகிறது. நடைமுறையிலோ, மருத்துவமனையில் படுத்தால்தான் காப்பீடு என்ற நிலை. புறநோயாளராக அமர்ந்து பேசும் ஆலோசனைக்குப் பெரும்பாலான காப்பீடுகளில் ஒரு காசும் கிடைப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லை. ஆனால் அங்கே காலமும் இல்லை. இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், அவருடைய புறநோயாளர் வரிசையில் நிற்கும் ஒருவருக்குச் சில நிமிடங்களுக்கு மேல் தருவது அவரால் இயலாது. அம்மருத்துவர்களின் உழைப்பை நாம் வணங்குகிறோம். குறை அவர்களுடையதன்று. அவர்களோடு தோள்கொடுத்து நிற்க வேண்டிய உளவியலாளர்களை அரசு உருவாக்காததே குறை.

தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் ஒரு வழியைக் காட்டியுள்ளது. உளப்பகுப்பாய்வு முறையில் மாணவரைப் பயிற்றும் அப்பல்கலைக்கழகம், எஹ்சாஸ் என்ற பெயரில் நடத்தும் நிலையத்தில் வசதியற்றோரும் அமர்வு பெறுகின்றனர். பயில்வோருக்குப் பயிற்சி, வருவோருக்கு உதவி, இரண்டையும் மேற்பார்க்க மூத்தோர். பெர்லின் நிலையம் 1920-இல் கைக்கொண்டதும் இதே அமைப்பே. உளவியல் துறை கொண்ட பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டில் குறைவல்ல. 1794-இல் தோன்றி இருநூறாண்டு கடந்த கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இங்குண்டு. ஆனால் பட்டம் வழங்கும் துறையும் துயருற்றோர் வரும் மருத்துவமனையும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குகின்றன.

மனநல வல்லுநரின் எண்ணிக்கையை மக்கள்தொகைக்கேற்ப உலகோர் ஒப்பிய அளவுக்கு உயர்த்த, மனநலப் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து பத்தாண்டுக்குள் அரசுகள் முயல வேண்டும் என்று அதன் 31-ஆம் பிரிவு ஆணையிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதத்தில். பத்தாண்டு 2028 மே மாதத்தில் நிறைவுறும். அக்கெடுவுக்கான கணக்கில் மாத்திரை எழுதுவோரை மட்டும் எண்ணாமல், அமர்ந்து கேட்போரையும் எண்ணுமாறு தமிழ்நாட்டு அரசை வலியுறுத்துகிறோம். இத்துறையில் முறையாகப் பயின்றோர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே என்பதால், ஒரே நாளில் எல்லா மாவட்டங்களிலும் தொடங்க இயலாது. சென்னை, மதுரை, கோவை, திருச்சி, நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் தொடங்கட்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு அறைகள். கதவைச் சாத்தினால் ஒலி வெளியே போகாத அறைகள். வேலைக்குச் செல்வோர் விடுப்பெடுக்காமல் வரும்படி மாலை 5 மணி முதல் 8 மணி வரை, வாரத்தில் ஐந்து நாள். ஒருவருக்கு வாரம் ஓர் அமர்வு வீதம் ஓராண்டு. அறைக்குப் பதினைவர், மருத்துவமனைக்கு முப்பதின்மர், ஐந்திலுமாக நூற்றைம்பதின்மர். விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. பத்து ஆலோசகர்களின் ஊதியமும், அவர்களை வாரந்தோறும் மேற்பார்க்கும் மூத்தோரின் ஊதியமும் போதும். பெயரும் அடையாளமும் நீக்கி, வருவோரின் இசைவோடு, அந்த ஓராண்டின் பட்டறிவைத் தமிழில் எழுதி வைத்தால், அடுத்து வரும் மாணவர் ஆங்கில நூலைத் தமிழாக்கிப் படிக்க வேண்டியதில்லை. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான தொகையை ஒதுக்க வேண்டும்.